செக்கர் பிடித்த திருடன்

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று செக்கர் முடிவெடுத்தபோது வாய் நிறைய பற்பசை இருந்தது. அதனால் சபதத்தைச் சத்தமாகப் போட முடியவில்லை. துப்பிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து முறைத்துக்கொண்டார்.

டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. வீட்டிலும் அதே வேலைதான், அதற்குச் சம்பளம் மட்டும் கிடையாது. பால் பாக்கெட்டைக்கூட முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

அவர் மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். கொஞ்ச நாளாக இத்தாலி மொழி கற்றுக்கொள்கிறாள். அதற்கு ஒரு குழு. பேக்கரிக்காரர், ரிட்டயரான கணக்கு வாத்தியார், இரட்டைச் சகோதரிகள், இன்னும் சிலர். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். போனில் ஒரு கட்டைக் குரல் கொஞ்சுகிறாற்போல் என்னவோ சொல்லும், இவள் அதையே மூன்று தடவை திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அங்கேதான் செக்கருக்கு வயிறு எரிந்தது. என்றைக்காவது ஒரு நாள் இவள் அந்தக் குரலோடு கிளம்பிப் போய்விடுவாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் தோன்றியதுதான்.

கேட்டும் பார்த்தார். அவள் எதையும் மறைக்கவில்லை. மொழி படிக்கிற குழுக்களுக்கு ஒரு புதிர் வேட்டை நடக்கிறதாம், ஊருக்குள் எங்கெங்கோ டப்பா ஒளித்து வைத்திருக்கிறார்களாம், குறிப்பெல்லாம் அந்த மொழியிலேயே இருக்குமாம், எல்லாரும் கூடி உட்கார்ந்து அவிழ்க்க வேண்டுமாம். செக்கர் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. டிக்கெட் எடுக்காதவன்கூட இதைவிட நல்ல கதை சொல்வான்.

மனைவியின் தம்பியிடம் போய்ப் புலம்பினார்.

"உங்க அக்கா போக்கே சரியில்ல மச்சான்."

"அது பொறந்ததுலேர்ந்தே சரியில்ல மாமா. உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?"

இவனிடம் சொன்னது தப்பு.

அன்று காலை அவள் குளிக்கப் போனாள். போன் சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது, பூட்டாமல். திரையில் குழுவுக்கு வந்த இத்தாலிச் செய்தி. செக்கர் தன் போனை அதன் மேல் பிடித்து மொழிபெயர்த்தார். தமிழ் இப்படி வந்தது: "யாரும் காத்திருக்காத இடத்தில் நான் காத்திருக்கிறேன். முதுகு இல்லாதவன் மேல் உட்கார். கையைக் கீழே கொண்டு வா."

அந்தச் செய்திக்குக் கீழே குழு முட்டி மோதியிருந்தது. முதுகு இல்லாதவன் என்றால் கோழை என்றார் வாத்தியார். புழு என்றார் பேக்கரிக்காரர். இல்லை, அரசியல்வாதி என்றாள் இரட்டையரில் ஒருத்தி.

இதெல்லாம் கண்துடைப்பு என்று செக்கருக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கள்ளத்தனமாகச் சந்திக்கிற ரெண்டு பேருக்கு என்ன வேண்டும்? ஈ காக்கா வராத இடம். பூட்டிக் கிடக்கிற நீச்சல்குளத்துக்குப் பின்னால் சாய்மானம் உடைந்த பெஞ்சு ஒன்று இருக்கிறது. கையைக் கீழே கொண்டு வா என்றால், பிடிக்கத்தானே?

வேலைக்கு லீவு சொன்னார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எவனும் வரவில்லை. ஆத்திரத்தில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார், அடியில் ஏதோ தட்டுப்பட்டது. ஒட்டி வைத்த சின்ன டப்பா. உள்ளே சீட்டு, அதே மொழியில். போனைப் பிடித்தார். "இரண்டு கண் உண்டு, பார்க்காது. மழை வந்தால் பேசும். வலது கண்ணில் என் இதயம்."

இதயம் வரைக்கும் போய்விட்டதா?

ரயில் பாலத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் போக இரண்டு பெரிய குழாய்கள் உண்டு. உள்ளே ஆள் நின்றால் வெளியே தெரியாது. செக்கர் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார். வழியில் ஒருவர் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டிருந்தார். இரண்டு பெண்கள் மரத்தைப் படம் எடுத்தார்கள். அறுபது பேர் நெருக்குகிற பஸ்ஸில் டிக்கெட் இல்லாத முகத்தைக் கண்டுபிடிக்கிற கண்கள் அவருடையவை. ஆனால் பஸ்ஸில் அவர் முன்னால் இருப்பவர்களைத்தான் பார்ப்பார்.

வலது குழாயில் முழங்கால்வரை சேறு. இன்னொரு டப்பா. அதற்குள் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய இதயம், அதன் பின்பக்கம்: "கடிகாரம் செத்துப்போன வீடு. மேல்மாடி. தட்டு. வந்துவிட்டேன் என்று சொல்."

மார்க்கெட் முனையில் நின்றுபோன கடிகாரத்தோடு ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. செக்கர் சேறு சொட்டச் சொட்ட மாடி ஏறினார். கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்.

"வந்துட்டேன்டா. வெளிய வா."

கதவைத் திறந்தது மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அவனை எங்கே என்று செக்கர் கேட்டார். எவனை என்று அந்த அம்மாள் கேட்டார். பிறகு, வார்த்தை சரிதான், ஆனால் தமிழில் சொன்னால் செல்லாது என்றார்.

செக்கரின் தோளுக்குப் பின்னாலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அழகான இத்தாலிய மொழியில் ஒரு குரல் அதையே சொன்னது. திரும்பினார். படி முழுக்க ஆட்கள். செருப்பைச் சரி செய்தவர், மரத்தைப் படம் எடுத்தவர்கள், குடையோடு வாத்தியார். எல்லாருக்கும் முன்னால் செக்கரின் மனைவி.

செருப்புக்காரர் கட்டைக் குரலில் வணக்கம் சொன்னார். போனில் கேட்ட அதே குரல். அவர்தான் பேக்கரிக்காரர். பக்கத்தில் பேக்கரிக்காரரின் மனைவியும் நின்றாள்.

"என் பின்னாடியே வந்தீங்களா?" என்றார் செக்கர்.

"உங்க பின்னாடிதாங்க வந்தோம். நாங்க இத்தனை பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டும் ஒண்ணும் புரியல. ஒளிச்சு வைக்கிறவங்களுக்கு யாரும் பாக்காத இடம்தானே வேணும்? ஊர்ல அப்படி எங்கெங்க இருக்குன்னு எந்நேரமும் யோசிக்கிற ஒரே ஆள் எங்க வீட்லதான் இருக்காருன்னு சொன்னேன்" என்றாள் மனைவி.

"அப்ப அந்த போன்..."

"நான்தான் பூட்டாம வெச்சேன்."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே."

"கேட்டா சோபாவுலேர்ந்து எழுந்திருப்பீங்களா?"

செக்கர் தன் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டார். ஆனால் நெஞ்சில் ஏதோ லேசாகிவிட்டது. இவள் எங்கேயும் ஓடவில்லை. புதிர்தான். வெறும் புதிர். சிரித்தேவிட்டார். பெருந்தன்மையாக அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பரிசு என்ன என்று அந்த அம்மாளைக் கேட்டார்.

இத்தாலியில் ஆறு மாதம் தங்கிப் படிக்க ஓர் இடம், ஒரே ஓர் ஆளுக்கு என்றார் அந்த அம்மாள். முடிச்சை யார் அவிழ்க்கிறார்களோ அவர்களுக்கு.

"அவிழ்த்தது நானாச்சே?"

"உங்களைக் கொண்டுவந்தது நானாச்சே" என்றாள் மனைவி. குழு மொத்தமும் கை தூக்கி அவளுக்கே என்றது. பல் டாக்டரிடம் அவள் ஏற்கெனவே லீவு சொல்லியாகிவிட்டது.

அவளை ஊரைவிட்டுக் கிளப்பப்போகிற ஆளைத் தேடித்தான் செக்கர் காலையில் கிளம்பினார். ஆள் அகப்பட்டுவிட்டான், முழங்கால்வரை சேறோடு.