மஞ்சள் பிசறிய பிடி அரிசி

சந்தேகப்படுவதற்கென்று ஒரு பரிசு இருந்தால் அதை வாங்க நான் போக மாட்டேன். கொடுப்பவர் மேலேயே சந்தேகம் வந்துவிடும். பால்காரரின் படியையும் தபால்காரரின் பையையும் சந்தேகப்பட்டு வளர்ந்த எனக்கு, கல்யாணமாகி ஒரு மாதம் முடிவதற்குள் மனைவியையே சந்தேகப்படும் வாய்ப்பு வந்தது.

அப்போதுதான் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கு வாத்தியாராக வந்திருந்தேன். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். ஒருநாள் குடையைத் தேடியபோது விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு பானை அகப்பட்டது. வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தால், அரிசி! (குடையை அங்கே ஏன் தேடினாய் என்று கேட்காதீர்கள். அங்கேயும் தேடுகிற ஆள்தான் நான்.)

இது யாருக்கு? யோசிக்கவே தேவையில்லை. மனைவி அன்னம்மாளின் அண்ணன் தேவசகாயம் கட்டுமாவடியிலிருந்து வாராவாரம் கருவாடு விற்க சைக்கிளில் வருவார். தங்கைக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார். சும்மா யாராவது கொடுப்பார்களா? ("மாப்ள, நல்லா இருக்கீங்களா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பும் சரியில்லை.)

கையும் களவுமாகப் பிடித்துவிட முடிவு செய்தேன். ஞாயிறு காலை அன்னம்மாள் தண்ணீருக்குப் போன நேரத்தில், மஞ்சள் தூளைக் குழைத்து அந்த அரிசியில் பிசறினேன். மேலே வெள்ளை அரிசியைப் பரப்பி, பழையபடி துணியைக் கட்டினேன். மச்சான் வீட்டில் மஞ்சள் சோறு வேகட்டும், போய்க் கேட்டுவிடலாம்!

ஆனால் ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பும்போது பானை அவள் இடுப்பில் இருந்தது. அங்கேயே கைமாற்றப் போகிறார்களோ என்று ஜெபத்தில்கூட நான் கண்ணை மூடவில்லை. காணிக்கை நேரத்தில் பெண்கள் வரிசையாகப் போய், பீடத்துக்கு முன் விரித்திருந்த பாயில் தங்கள் பானைகளைக் கவிழ்த்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்து, மாதம் ஒருமுறை ஆண்டவருக்குக் கொடுக்கும் பிடி அரிசி. அது ஊரில் ஆதரவற்றவர்களுக்குப் போகும். சின்ன வயதிலிருந்தே போர்டிங்கில் தட்டேந்தி வளர்ந்த எனக்கு, அடுப்பங்கரையில் இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

அன்னம்மாள் கவிழ்த்தாள். வெள்ளைக் குவியலின் மேல் மஞ்சள் மஞ்சளாகக் கொட்டியது.

"இதென்ன, அட்சதையா?" என்றார் உபதேசியார்.

கோயிலே என் பக்கம் திரும்பியது. "வாத்தியாரு போன வாரம் ஆவுடையார்கோவில் பக்கம் போனாருல்ல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். (சிவனைக் கும்பிட அல்ல, பள்ளிக்குப் பெஞ்சு செய்ய ஆசாரியைப் பார்க்கப் போனேன். இனி யார் நம்புவார்கள்?) குருவானவர் பார்த்த பார்வையில் என் வேலை ஆட்டம் கண்டது. அதைவிட, காலிப் பானையைப் பிடித்தபடி கண்கலங்கி நின்ற அன்னம்மாளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எழுந்தேன். "நான்தாங்க மஞ்சள் போட்டேன். அரிசி மச்சான் வீட்டுக்குப் போகுதுன்னு நெனச்சு..."

குருவானவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெண்கள் பக்கம் வாயையும் பொத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோபித்துக்கொண்டது நான்தான். "ஏன் ஒளிச்சு வச்ச? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"ஒளிக்கலங்க. எலிக்குப் பயந்து அங்கிட்டு வச்சேன். ஒங்க பங்குல கை வச்சாத்தான சொல்லணும்? என் பங்குலதான எடுத்தேன்."

ஒரு மாதமாக அவள் அரைவயிறு சாப்பிட்டிருக்கிறாள். ஊரையெல்லாம் வேவு பார்த்த நான் எதிரே இருந்த தட்டைப் பார்க்கவில்லை.

மறுநாள் பானையை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே ஒங்க பங்குக்கு நீங்களே அள்ளிப் போடுங்க."

இப்போதும் வீட்டில் எது காணாமல் போனாலும் பேரப்பிள்ளைகள் மஞ்சள் டப்பாவை எடுத்து வந்து என்னிடம் நீட்டுகிறார்கள். தேவசகாயம் மச்சான் கடைசிவரை எங்கள் வீட்டுச் சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். நானும் நாள் தவறாமல் பிடி அரிசி போடுகிறேன். நான் அள்ளும்போதெல்லாம் அன்னம்மாள் அடுப்பை விட்டுத் திரும்பி என் கையையே பார்க்கிறாள்.

"கைய நல்லா விரிச்சு அள்ளுங்க" என்கிறாள்.