சாகசத்துக்கு ஏற்ற வேலை

திண்டுக்கல்லில் உயிருக்குத் துணிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். உயிரைப் பணயம் வைக்க ஆசைப்பட்டு, வைக்கத் தெரியாமல், நாலு வருஷம் ஊரையே பாடாய்ப் படுத்தியவன் ஒருவன்தான். அவன்தான், நாங்கள் ‘சாகசம்’ என்று கூப்பிடும் எங்கள் கூரியர் ஆபீஸ் பையன்.

பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பார்சல்களில் லேபிள் ஒட்டுவது அவன் வேலை. அது தன் பிறவிக்குத் தகாது என்பது அவன் அபிப்பிராயம்.

“இந்தக் காலத்துல எவனாச்சும் நாற்காலியில உக்காந்தே சாவானாண்ணே? எரிமலை ஓரத்துல நின்னு கல்லு பொறுக்குறான். அதுக்குச் சம்பளம் தர்றாய்ங்க!”

“மொதல்ல அந்த வத்தலக்குண்டு மூட்டைக்கு லேபிள் ஒட்டு” என்பார் மேலாளர் பாத்திமாக்கா.

மொபைலில் ஒரு வீடியோ பார்த்தால் போதும், மறுநாள் அவனுக்கு வேறு தொழில். முதலில் பாம்பு பிடிக்கப் புறப்பட்டான். பாம்பைப் பார்ப்பதற்கு முன்பே விசிட்டிங் கார்டு அடித்துவிட்டான். அகரத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட, வேடிக்கை பார்க்க நானும் போனேன். அடுப்படியில், சிலிண்டருக்குப் பின்னால் வால் தெரிந்தது. இடுக்கியை நீட்டினான். வால் அசைந்தது. அடுத்த கணம் பிரிட்ஜ் மேல் இருந்தான். எப்படி ஏறினான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது.

அந்த அம்மா நிதானமாகத் துடைப்பத்தால் அதைக் கொல்லைக்குத் தள்ளிவிட்டு வந்தார். சாரைக் குட்டி.

“எறங்குப்பு. அது போயிருச்சு. பிரிட்ஜு புதுசு.”

பிறகு சிறுமலையில் மலையேற்ற வழிகாட்டி ஆனான். அழைத்துப்போன நாலு பேரும் சாயங்கால பஸ்ஸில் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். வழிகாட்டியைத்தான் மறுநாள் மதியம்வரை காணவில்லை.

இப்படிப்பட்டவனோடு ஒருநாள் சாணார்பட்டிப் பக்கம் பார்சல் கொடுக்கப் போனேன். வழியில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் கூட்டம். மோட்டாரைப் பார்க்கக் குனிந்த ஒரு பெண் கிணற்றுக்குள் விழுந்திருந்தார். குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். பிடி நழுவிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வர நேரம் ஆகும் என்றார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். நானும் என்னால் முடிந்த அளவு கத்தினேன்.

திரும்பினால் சாகசத்தைக் காணோம். ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அங்கே கிடந்த கயிற்றைத் தென்னையில் கட்டி இறங்கியிருக்கிறான்.

“பயப்படாதீகக்கா. நா ட்ரெய்னிங் எடுத்தவன்.”

பச்சைப் பொய். அதைச் சொன்ன குரலே நடுங்கியது. ஆனாலும் அந்தப் பெண்ணைக் கயிற்றில் கட்டிவிட்டான். நாங்கள் இழுத்து மேலே ஏற்றினோம். அவனுக்காகக் கயிற்றை மறுபடி போட்டபோது அவனால் முடிச்சுப் போட முடியவில்லை.

“அண்ணே, கை வேல செய்யல!”

குழாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவனைத் தீயணைப்பு வீரர்கள்தான் வலைபோட்டுத் தூக்கினார்கள். மேலே வந்ததும் வாந்தி எடுத்தான். “செத்துருவேன்னு நெனச்சேண்ணே” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள், “இனி இந்த நாற்காலிதாண்ணே எனக்கு” என்றான். நம்பினேன். பத்தாம் நாள் ஒரு விண்ணப்பத்தை நீட்டினான். கடலுக்கடியில் கப்பல் பழுது பார்க்கும் பயிற்சியாம்.

“ஏலே, கெணத்துலயே கை வேல செய்யல. கடலுக்குப் போறியா?”

“அங்க தனி உடுப்புக் குடுப்பாகண்ணே.”

திட்டிக்கொண்டே பிழை திருத்த வாங்கினேன். அப்பா பெயரிலேயே இரண்டு பிழை. கடைசிப் பக்கத்தில், ‘ஆபத்து நேர்ந்தால் தகவல் தெரிவிக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தான். பக்கத்தில் ‘உறவுமுறை’ கட்டம் காலி.

“இத ஏம்லே விட்டுட்ட?”

“ஒங்களக் கேக்காம எப்படிண்ணே எழுதுறது?”

பேனாவைப் பிடுங்கி, ‘அண்ணன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.