கோடாலி பார்க்கிறவர்

மாடு பார்க்கிறவர் இருக்கிறார், மனை பார்க்கிறவர் இருக்கிறார், ஜாதகம் பார்க்கிறவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். இவர்களையெல்லாம் நீங்கள்தான் தேடிப் போகவேண்டும். கோடாலி பார்க்கிறவர் அப்படியில்லை, அவராகவே வருவார். நீங்கள் உங்கள் பாட்டுக்கு வாசலில் ஒரு கட்டையைப் போட்டு, கையில் எது கிடைத்ததோ அதைத் தலைக்கு மேலே தூக்குங்கள். தூக்கியது இறங்குவதற்குள் வேலிக்கு அங்கிட்டிருந்து ஒரு குரல் கேட்கும்.

"அட, நிறுத்துங்க! அதுக்குன்னு ஒன்னு இருக்குங்க!"

அவர்தான்.

பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். கோடாலியைக் கண்டால் பிடியைத் தொடமாட்டார், வாயைத்தான் தொடுவார். கட்டைவிரலைக் குறுக்கே வைத்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்குவார். கட்டையைக் கண்டால் உள்ளங்கையால் ஒரு தட்டு, காதை வைத்து ஒரு கேட்பு, பிறகு கோயில் பிரகாரம் மாதிரி ஒரு சுற்று. வெடிப்பு எங்கிட்டு ஓடுகிறது, கணு எங்கே ஒளிந்திருக்கிறது, ஈரம் எவ்வளவு, இதற்கு வாய் மெலிந்த கோடாலியா, தோள் தடித்த கோடாலியா, ஆப்பும் சம்மட்டியுமா, இல்லை வெறும் கடப்பாரையே போதுமா என்று அவர் சொல்லி முடிக்கும்போது உங்களுக்குப் பசி வந்துவிடும். அவருக்கு வியர்த்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? யாரும் பார்த்ததில்லை.

குளத்தூருக்குப் பக்கத்தில் சொர்ணவல்லி இப்படி ஒருவருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

அவர் பெயர் மதுரைவீரன். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அடுத்தவர்கள் வண்டியை நேரத்துக்குக் கிளப்பிவிட்டவர், தன் வீட்டில் ஒரு வேளைகூட அடுப்பை நேரத்துக்கு எரியவிட்டதில்லை. கொல்லைப்புறக் கொட்டகையில் அவருடைய கோடாலிகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் எண்ணெய்த்துணி சுற்றி. அந்தத் துணிகளில் ஒன்று தன் வளைகாப்புப் புடவையின் முந்தானை என்பதைச் சொர்ணவல்லி ஒருநாள் கண்டுபிடித்தாள். கேட்டதற்கு, "பட்டுதான் துருப்பிடிக்காம வச்சிருக்கும்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன மாதம் ஆன்லைனில் ஒன்று வந்து சேர்ந்தது. ஆரஞ்சு நிறப் பிடி, எட்டு பவுண்டு தலை. பெட்டியைப் பிரித்த அன்று ராத்திரி அவர் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தார்.

இந்த நேரத்தில்தான் சம்பந்தி விருந்து வந்தது.

மகள் கலைமதியின் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஆவுடையார்கோவிலிலிருந்து முதன்முதலாகச் சாப்பிட வருகிறார்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள். பிரியாணி மாஸ்டர் அன்வர் பாட்சாவைச் சொல்லியாயிற்று, ஆடு சொல்லியாயிற்று. சொர்ணவல்லிக்கு ஒரே ஒரு பயம்தான். சம்பந்தி நிலவழகன் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் வைக்கிறவர். எப்போதோ ஒரு கல்யாணத்தில் சோறு தாமதமானதற்காக ஒரு குடும்பத்துக்கு அவர் 'மூணுமணிச் சோத்து வீடு' என்று பேர் வைத்து, இன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெண் கேட்டுப் போனாலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் அடையாளம் சொல்கிறார்கள். தன் மகள் அந்த வாயுள்ள வீட்டில் வாழவேண்டியவள் அல்லவா?

முதல்நாளே விறகுக்கடைக்காரர் போன் பண்ணிக் கேட்டார், பிளந்த விறகு அனுப்பவா என்று. போனை வாங்கிய மதுரைவீரன் சொன்ன பதில் தெருவுக்கே கேட்டது. "பொளந்த வெறகா? நான் என்ன கையில்லாதவனா? உருட்டுக் கட்டையா அனுப்புங்க. ஒரு புளியங்கட்டை இருந்தா அதையும் போடுங்க."

புளியங்கட்டை எதற்கு? ஆரஞ்சுப் பிடிக்கு ஏற்ற ஜோடி வேண்டாமா?

விடிகாலையில் அன்வர் பாட்சா சட்டியோடும் கரண்டியோடும் வந்து இறங்கினார். "அண்ணே, வெறகு எங்கிட்டு?"

"மரம் இருக்கு பாய். வெறகு வரப்போகுது."

அன்வர் பாட்சா உருட்டுக் கட்டைகளைப் பார்த்தார். சொர்ணவல்லியைப் பார்த்தார். வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தார்.

மதுரைவீரன் கோடாலிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து, துணியை அவிழ்த்து, வெயிலில் பாய் விரித்து அடுக்கினார். கல்யாணத்தில் சீர்வரிசை வைத்ததுகூட இவ்வளவு அழகாக இல்லை. இது மரம் சாய்க்கிறது, இதால் பிளந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இது கிளை கழிக்கிறது. இதற்குப் பிடி நீளம், குனியாத ஆளுக்கு ஆகாது. இப்படி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துத் தள்ளிவைத்துக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அங்கிட்டிருந்து ஜெரால்டு வந்துவிட்டார். அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். கடப்பாரைக் கட்சி.

"சார், கோடாலியெல்லாம் சின்னப் புள்ளைங்க வேலை. வெடிப்புல ஒரு ஆப்பு, மேல ஒரு சம்மட்டி, நெம்ப ஒரு கடப்பாரை. முடிஞ்சது."

"ஜெரால்டு சார், வெடிப்பு இருந்தால்ல ஆப்பு? இது பச்சைப் புளி. கேளுங்க." தட்டினார்.

ஜெரால்டும் தட்டினார். இருவரும் காதை வைத்துக் கேட்டார்கள்.

சொர்ணவல்லி ஈரக்கையோடு வந்து நின்றாள். "ஏங்க, ரெண்டுல எதையாச்சும் எடுத்து ஒரு போடு போடுங்களேன்."

"எதையாச்சுமா? எதையாச்சும் எடுத்துப் போடுறதுக்கு இது என்ன பூரிக்கட்டையா?"

"பூரிக்கட்டையா இருந்தா நானே போட்டுருப்பேன்," என்றாள் அவள், கட்டையைப் பார்க்காமல் அவர் தலையைப் பார்த்துக்கொண்டு.

அன்வர் பாட்சா வெங்காயத்துக்கு நடுவிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, தம் போடணும்னா தணல் வேணும். தணலுக்கு வெறகு வேணும். வெறகுக்கு அண்ணன் வேணும். நான் என்ன பண்ணட்டும்?"

கடைசியில் ஆரஞ்சுப் பிடி மேலே போயிற்று. ஜெரால்டு மூச்சைப் பிடித்தார். புளியங்கட்டையின் நட்ட நடுவில் இறங்கி, எட்டு பவுண்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா, எப்புடி உள்ள போச்சு?" என்று சொர்ணவல்லி பக்கம் திரும்பினார்.

"போனது தெரியுது. வெளிய வருமா?"

வரவில்லை. அதை எடுக்க இன்னொரு கோடாலி பக்கத்தில் இறங்கியது. அதுவும் தங்கிவிட்டது. இரண்டையும் விடுவிக்க ஜெரால்டு தன் ஆப்பை அடித்தார். ஆப்பு தலைகூடத் தெரியாமல் போய்விட்டது. பிறகு கடப்பாரை. கடப்பாரை செங்குத்தாக நின்றது. இப்போது கட்டையைப் பார்த்தால் முனியய்யா கோயிலில் சூலாயுதம் நட்டு வைத்த இடம் போலிருந்தது, ஒரு எலுமிச்சம்பழம்தான் பாக்கி. மற்ற உருட்டுக் கட்டைகளாவது? அவற்றுக்கு உரிய ஆயுதம் இதற்குள்ளே அல்லவா மாட்டியிருக்கிறது!

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. அதன் பின்னாலேயே கலைமதியும் மாப்பிள்ளை அரவிந்த்குமாரும் வந்த கார்.

சொர்ணவல்லி வாசலுக்கு ஓடினாள். அடுப்பில் நெருப்பில்லை, சட்டி மல்லாந்து கிடக்கிறது, ஆடு கறியாகிக் குண்டானில் காத்திருக்கிறது. பேர் வைக்கிற சம்பந்தி பட்டு வேட்டியோடு இறங்கிக்கொண்டிருக்கிறார். "வாங்க, வாங்க" என்று சொம்புத் தண்ணீரை நீட்டினாள். நிலவழகன் சொம்பை வாங்கவில்லை. அவர் கண் அவளைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, கொல்லைக்குப் போய்விட்டது. வாய் திறந்தது. முடிந்தது நம் கதை என்று நினைத்தாள் சொர்ணவல்லி.

"அடடா, சம்பந்தி!" நிலவழகன் செருப்பைக் கழற்றாமலே கொல்லைக்கு ஓடினார். "இதாலயா பொளப்பாங்க? அதுக்குன்னு ஒன்னு இருக்குல்ல!"

உட்கார்ந்தார். தட்டினார். காதை வைத்தார்.

மதுரைவீரன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம், மகள் பிறந்தபோதுகூட வரவில்லை என்று சொர்ணவல்லி பிற்பாடு சொன்னாள். கல்யாணத்தில் கை குலுக்கியதோடு நின்றிருந்த இரண்டு பேரும் இப்போது ஒரே கட்டையின் இரண்டு பக்கமும் முட்டி போட்டிருந்தார்கள். நிலவழகன் திரும்பி மகனைக் கூப்பிட்டார். "தம்பி, காரை எடு. நம்ம வீட்டு மாட்டுக்கொட்டகையில தோள் பெருத்தது ஒன்னு கெடக்கும், போய்க் கொண்டா."

"ஆவுடையார்கோவிலுக்காப்பா?"

"பின்ன சிங்கப்பூருக்கா?"

விருந்தே மாப்பிள்ளைக்கு. போய்வர நாலு மணி நேரம். அரவிந்த்குமார் கலைமதியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். வேனில் வந்த ஆண்கள் கொல்லையைச் சுற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கட்சி.

சொர்ணவல்லி அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, வெங்காயம் முக்கால் காரணம். அப்போது ஒரு கை அவள் தோளில் விழுந்தது. சம்பந்தி அம்மா அழகி.

"மதினி, வெறகுக்கடை எங்கிட்டு இருக்கு?"

"ஐயோ, நீங்க உள்ள உக்காருங்க. சோறு..."

"சோறு எப்படி வரும்? எங்க வீட்டுலயும் இதே கொட்டகை, இதே எண்ணெத்துணி. வண்டி இருக்கா?"

ஸ்கூட்டி இருந்தது. இரண்டு பட்டுப்புடவைகளும் ஏறிக்கொண்டன. முக்கு திரும்பியதும் அழகி, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்றாள். டீக்கடை வாசலில் கார். உள்ளே கலைமதியும் அரவிந்த்குமாரும் ஆளுக்கொரு பஜ்ஜி.

"ஏன்டா, ஆவுடையார்கோவில் இங்கிட்டா வந்துருச்சு?"

"அப்பா கோடாலிக்கு அனுப்புனா நான் எப்பவும் டீக்கடையிலதாம்மா நிப்பேன். சாப்பாட்டு நேரத்துக்குப் போய், காணோம்னு சொல்லிருவேன்."

சொர்ணவல்லி மருமகனை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். பையன் தங்கம்.

காரின் டிக்கி நிறையப் பிளந்த விறகு வந்தது. அன்வர் பாட்சா எழுந்து நின்று அதை வரவேற்றார். அடுப்பு பிடித்தது, மசாலா மணம் கொல்லை வரைக்கும் போயிற்று. அங்கே யாரும் மூக்கைத் திருப்பவில்லை. சோறு இறங்கும்போது மணி மூன்றும் ஆகிவிட்டது. "பேரு வச்சிருவாரே மதினி," என்று சொர்ணவல்லி கையைப் பிசைந்தாள். "எலை போட்டு மூணு தடவை கூப்புட்டாச்சு. வந்தாரா? நேரத்துக்கு வராத ஆளு எந்த வாயால பேரு வைப்பாரு?" என்றாள் அழகி.

நாலாவது தடவை வந்தார்கள். நிலவழகன் இரண்டு வாய் அள்ளிப் போட்டார். "கறி பதமா இருக்கே. வெறகு எப்ப வந்துச்சு?"

"ஒங்களுக்குப் பின்னாடியேதான் போச்சு," என்றாள் அழகி.

அவர் இலையை விட்டு எழுந்தார். எச்சில் கையோடு அடுப்படிக்குப் போனார், மதுரைவீரன் பின்னாலேயே. எரியாமல் கிடந்த ஒரு விறகை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்னா வாகு சம்பந்தி! ஒரே போடு. ஆளு யாரு? எதால பொளந்தான்?"

"மெஷினு," என்றாள் சொர்ணவல்லி.

துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. மதுரைவீரன் விறகை மெதுவாகக் கீழே வைத்தார். நிலவழகன் அதைத் திரும்ப எடுத்து, பிளந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு தலை நிமிர்ந்தது.

"மெஷின்னா சும்மா இல்லை சம்பந்தி. அதுலயும் அதுக்குன்னு ஒன்னு இருக்கு. நாளைக்கு அந்தக் கடைக்குப் போவமா?"

இவர்களை நினைத்து நீங்கள் சிரித்திருப்பீர்கள், நல்லது. ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆரஞ்சுப் பிடி கட்டையின் நட்ட நடுவில் இறங்கியபோது, 'பச்சைப் புளியை நடுவில் போட்டால் எப்படி? ஓரத்திலிருந்தல்லவா சீவிக்கொண்டு வரவேண்டும்' என்று உங்களுக்கு ஒரு நினைப்பு ஓடியதா? ஓடியிருந்தால், உங்கள் வீட்டு விருந்துக்கு எங்களையும் அவசியம் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.