குறைந்துபோன வீட்டுவரி

வரிப்புலம்பி என்றோர் இனம் உண்டு. வரி கட்டுகிற எல்லோரும் அதில் சேர்த்தி இல்லை. பேசாமல் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் வெறும் மனிதர். காலையில் பல் துலக்கும்போதே தொடங்கி, காப்பிக் கடைக்கு வந்து, கிளாசை ஒரு கையிலும் மேல்துண்டை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, நகரசபையில் புறப்பட்டுத் திருவனந்தபுரம் வழியாக டெல்லி வரைக்கும் போய், கையிலுள்ள காப்பி ஆறிப்போனதற்கும் சேர்த்து சர்க்காரைத் திட்டிவிட்டுத் திரும்புகிறாரே, அவர்தான் புலம்பி. “ராஜா காலத்துல உண்டுமா வேய் இது?” என்பார். ராஜா காலத்தில் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கோட்டாற்றுக் கம்போளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னுலிங்கம் இந்த இனத்தில் முதல் தரம். அங்குள்ள காப்பிக் கடை பெஞ்சில், சுவரில் முதுகு சாய்த்து உட்கார வாகான ஓர் இடம் உண்டு. தெருவில் யாருக்கு வீட்டுவரி அதிகமோ அவருக்கு அந்த இடம். பேச்சைத் தொடங்கும் உரிமையும் அவருக்கே. யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் மீறியவர் இல்லை. பொன்னுலிங்கம் பல வருஷமாக அங்கே சாய்ந்திருந்தார். பக்கத்தில், சாயச் சுவரில்லாமல், மரம் விற்கும் தடிக்கடை சத்தியநேசன் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார்.

வருமானவரியா? அதையும் பேசுவார். ராஜா ஆட்சி போய், டெல்லிக்காரர்கள் அதைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்ட பிறகு கூடுதலாகவே பேசினார். வருமானவரி ஆபீசிலிருந்து ஓர் ஆள்கூட இன்றுவரை தன் கடையை எட்டிப் பார்த்ததில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. அதை மட்டும் வெளியே சொல்லமாட்டார்.

வினை வீட்டுவரியில் வந்தது. வரிச்சீட்டு வந்தால் ஆட்சேப மனு எழுதிப் போடுவது அந்தத் தெருவின் வழக்கம். யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுவார்கள். பொன்னுலிங்கமும் வழக்கம்போல, கூரை ஒழுகுகிறது, சுவர் வெடித்திருக்கிறது, சாரல் காலத்தில் குடைபிடித்துச் சாப்பிடுகிறோம், அடுக்களையில் பாம்பு வருகிறது என்று எழுதினார். அந்த வருஷம் வந்திருந்த புது அதிகாரி அதைப் படித்துவிட்டார். படித்ததோடு நில்லாமல் நேரிலும் வந்தார். பொன்னுலிங்கம் கிழிந்த துண்டைப் போட்டுக்கொண்டு, “வீடா சார் இது? விழ நேரமில்லாம நிக்கி” என்று பின்னாலேயே நடந்தார். அதிகாரி இரக்கத்தோடு தலையாட்டினார்.

வீடு மிகவும் பழுதடைந்த நிலையில் இருப்பதால் வரியைப் பாதியாகக் குறைத்திருப்பதாகச் சீட்டு வந்தது.

“நல்லதுதானே?” என்றாள் மனைவி முத்துக்கனி.

“ஏட்டி, நான் கட்டுன வீட்ட இடிஞ்ச வீடுங்கான். இதப் போயி நல்லதுங்கியே?”

“நீங்கதானே அப்பிடி எழுதிக் குடுத்திய?”

“எழுதுனா, ஒருத்தன் நம்பிருவானா?”

மறுநாள் காப்பிக் கடைக்குப் போனால், சுவரில் சாய்ந்திருந்தவர் சத்தியநேசன். “கொடுத்து வச்சவரு வேய் நீரு” என்றார் கனிவாக. “பாதியாயிட்டாமே? இனி உமக்கென்ன கவலை? வரி கெட்டுதவன்லா பேசணும். நீரு காப்பியக் குடியும்.” பொன்னுலிங்கம் வாயைத் திறந்தார். ஒருவரும் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வலித்ததுபோல, பெற்ற தகப்பனார் போனபோதுகூட வலித்ததில்லை.

நேரே நகரசபைக்கு நடந்தார். வரி குறைந்ததை எதிர்த்து ஆட்சேப மனு கொடுத்தார். வாங்கிய குமாஸ்தா அதைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

அதிகாரி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பொன்னுலிங்கம் கல்யாணத்துக்குப் போகிற சரிகை வேட்டி கட்டியிருந்தார். ஏத்தம்பழமும் பாலும் கொடுத்து உபசரித்து, உத்தரத்தைத் தட்டிக் காட்டினார்.

“கூரை ஒழுகும்னு சொன்னீரே?”

“ஒழுகும் சார். ஆனா தேக்குல ஒழுகும்.”

“சுவர் வெடிச்சிருக்குன்னீரே?”

“கல்லுச்சுவரு சார். அதையும் மீறி வெடிச்சிருக்கு.”

“பாம்பு?”

“கண்ட வீட்டுக்கெல்லாம் அது போவாது சார்.”

முத்துக்கனி அடுக்களைக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அதிகாரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எழுதிக்கொண்டு போனார்.

புதுச் சீட்டு வந்தது. பழைய வரி, அதற்கு மேல் தேக்குக்காகக் கொஞ்சம். பொன்னுலிங்கத்துக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டது தெரியாமல் ஓடினார். சீட்டைப் பார்த்த சத்தியநேசன் எழுந்து நகர்ந்தார். பொன்னுலிங்கம் சுவரில் முதுகைச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

“அநியாயம் வேய்” என்றார். “மனுசன் வாழுகதா, சாவுகதா?”

அவ்வளவு ஆனந்தமாக ஒருவர் அதைச் சொல்லி அந்தக் கடை கேட்டதில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது, நீங்கள் அந்த ரகம் அல்ல என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் போன தடவை உங்களுக்குச் சீட்டு வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரர் “உங்களுக்கு எவ்வளவு?” என்று கேட்டதும், ஒரு பெருமூச்சு விட்டு, உங்களுடையதைச் சொல்லாமல் அவருடையதை முதலில் விசாரித்துக்கொண்டீர்களே, அது எதற்கு?