அப்பாவுக்காக வாங்கிய ரிசீவர்

துக்கத்தில் இருக்கிற மனிதனை எலெக்ட்ரானிக்ஸ் கடைப் பக்கம் தனியாக விடக் கூடாது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

அம்மா போன பிறகு அப்பாவைக் கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு அழைத்து வந்துவிட்டேன். பஞ்சாலை இரைச்சலில் ஆயுளைக் கழித்தவர், காது மந்தம். வந்த நாளிலிருந்து அதிகம் பேசவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அவ கொரலு மறந்துபோயிரும் போலருக்குடே" என்றார். அம்மாவோடு போனில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஒன்றைக்கூடப் பதிவு செய்து வைக்கத் தோன்றியதில்லை.

மிச்சமிருந்தது என் கல்யாண டிவிடி மட்டும்தான். கல்யாணம் நடந்தது கிருஷ்ணகிரியில், பெண் வீட்டார் ஊரில். மாப்பிள்ளையின் அம்மா என்ற கெத்தில் அன்று முழுக்க அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். பழைய டிவிடி பிளேயர் பரணில் கிடந்தது, ஆனால் அதன் ஒயரைச் செருக எங்கள் புது டிவியில் ஓட்டை இல்லை.

"எங்கண்ணன் வூட்ல பழைய டிவி இருக்குது. மொதல்ல அதுல போட்டு ஒருக்கா பாத்துருங்க" என்றாள் என் மனைவி செல்வி.

நான் கேட்பேனா? அப்பாவின் காதுக்கு அம்மா குரல் நாலா பக்கமும் கேட்க வேண்டும் என்று ஹோம் தியேட்டரே வாங்கக் கிளம்பிவிட்டேன். (தொழிற்சாலையில் எனக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. சோதிக்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடாதவன்.)

கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரிடம் தெலுங்கும் இன்னொருவரிடம் கன்னடமும் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பழைய பிளேயருங்களா? மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரா? அப்ப இந்த ரிசீவர் வெச்ச செட்டுதான் சார். மத்ததுல சவுண்டு மட்டும் வரும், உங்க புது டிவியில படம் வராது. இது மூணு ஒயரையும் உள்ள வாங்கி, ஒரே எச்டிஎம்ஐ கேபிள்ல டிவிக்கு அனுப்பிரும்."

அதை வடிவமைத்தவனே நான்தான் என்பதுபோல் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பம் மாம்பழக் கூடையோடு வந்து இறங்கியது. அப்பா சலவை வேட்டி கட்டி, காது மிஷினுக்குப் புது பேட்டரி போட்டு, டிவிக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு பெரிய பாஸ் பெட்டி. கூடம் முழுக்க ஒயர். அவசரத்தில் படத்துக்கான மஞ்சள் ஒயரைச் சத்தத்துக்கான சிவப்பு ஓட்டையில் செருகிவிட்டேன். படம் வரவில்லை, வந்த உறுமலில் சமையலறைப் பாத்திரங்கள் ஆடின. கீழ் வீட்டுக்காரர், "ஆனெ பந்திதியா சார்?" என்று கன்னடத்தில் கேட்டபடி மாடியேறி வந்தார். (யானை வந்துவிட்டதா என்கிறார். பக்கத்துச் சானமாவுக் காட்டு யானைகள் அவ்வப்போது ஊருக்குள் வருவதுண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது.)

ஒயரை மாற்றினேன். படம் வந்தது. மண்டப வாசலில் அம்மா, பன்னீர்ச் செம்போடு, யாரிடமோ வாய் ஓயாமல் பேசுகிறாள். ஐந்து ஸ்பீக்கரிலிருந்தும் சினிமா டூயட்.

"என்னடே சொல்லுதா?" என்றார் அப்பா.

"பாட்டு ஓடுதுப்பா. இப்ப முடிஞ்சிரும்."

முடியவில்லை. மண்டபச் சத்தத்தையெல்லாம் துடைத்துவிட்டு முழுக்கச் சினிமாப் பாட்டை ஒட்டுவது நம் கல்யாண வீடியோக்காரர்களின் வழக்கம். தாலி கட்டும்போது மட்டும் கெட்டிமேளம். நான் ரிமோட்டை அமுக்கி, பேச்சைத் தெளிவாக்கும் வசதியைப் போட்டேன். பாடகர் இன்னும் தெளிவாகப் பாடினார். சத்தத்தைக் கூட்டினேன். அம்மா சிரித்தாள், யாரையோ அதட்டினாள், என் நெற்றியைத் துடைத்துவிட்டு ஏதோ சொன்னாள். எதுவும் கேட்கவில்லை.

"நிறுத்திரட்டுங்களா மாமா?" என்றார் மச்சான் மெதுவாக.

"ஓடட்டும்யா. பாத்துக்கிடுதேன்" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பந்திக் காட்சியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சின்ன இடைவெளி. வீடியோக்காரர் அங்கே மண்டபச் சத்தத்தைத் துடைக்க மறந்திருக்க வேண்டும். நான் கூட்டிவைத்த சத்தத்தில், ஐந்து பக்கத்திலிருந்தும் அம்மா குரல் வந்தது:

"ஏலே, ஒயர மிதிக்காதல. தடுக்கி விழுந்திருவ."

பட்டுவேட்டியோடு வீடியோ லைட் ஒயரில் கால் வைக்கப்போன மாப்பிள்ளையை அதட்டியிருக்கிறாள். கூடத்தில் ஒயர்களுக்கு நடுவே ரிமோட்டோடு நின்ற நான் சட்டென்று காலைத் தூக்கிவிட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே, "இன்னொருக்க போடுல" என்றார்.

இன்றும் மச்சான் போன் செய்தால் முதல் வார்த்தை, "ஒயர மிதிக்காதல"தான். அவருடைய கிருஷ்ணகிரி வாயில் அது ஒட்டவே ஒட்டாது. அந்த ரிசீவரில் நாங்கள் சினிமா எதுவும் பார்த்ததில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் அத்தனை ஸ்பீக்கரும்.

போன வாரம் செல்வி, ஒயர்களையெல்லாம் சேர்த்துச் சுவரோரமாகக் கட்டிவிடலாம் என்றாள்.

"கெடக்கட்டும்மா" என்றார் அப்பா. "தாண்டியே போவோம்."