சாய் கே பாத் சிஸ்டரும் ஒரு கையெழுத்தும்

இந்த டெல்லியில் டிராஃபிக் போலீஸிடம் 'முடியாது' என்று சொன்னவர்கள் உண்டு. ஆபீஸ் மேலதிகாரியிடம் சொன்னவர்கள் உண்டு. ஜனவரிக் குளிரில் குளிக்கச் சொன்ன மனைவியிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் 'சாய் கே பாத்' சிஸ்டரிடம் அந்த வார்த்தையைச் சொன்ன மனிதப் பிறவி கிடையாது. சொல்ல அவர் இடம் கொடுத்தால்தானே!

தெற்கு டெல்லியில் ஒரு மனநல ஆஸ்பத்திரி. நான் அங்கே பதிவு ஜன்னலில் குமாஸ்தா. அவர் மூன்றாம் மாடி வார்டில் நர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடித்தனம் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில். மனநல வார்டில் ஒரு தொழில் உத்தி உண்டு. அடம்பிடிக்கும் நோயாளியிடம் 'மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்கக் கூடாது. கேட்டால் 'மாட்டேன்' தயாராக இருக்கும். இரண்டு வழியைக் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். சிஸ்டர் தன் நெல்லை இந்தியில் கேட்பார்: "அபீ யா சாய் கே பாத்?" இப்பவா, டீக்கு அப்புறமா? நோயாளி யோசித்து, ஏதோ ஜெயித்துவிட்ட முகத்தோடு "சாய் கே பாத்" என்பார். டீக்குப் பின்னாலேயே மாத்திரையும் போய்விடும்.

இது வார்டோடு நின்றதா? ஆட்டோக்காரரிடம், "மீட்டரை இங்கேயே போடுதியா, அந்தத் திருப்பத்துல போடுதியா?" அவர் பேஜாராகித் திருப்பத்தில் போடுவார். எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்தால் முக்கால் மணி நேரம். ஒரு பொங்கல் விழாவில் சிஸ்டர் மேடையோரம் போய், "மூணு நிமிஷம் பேசுதீயளா, நாலு நிமிஷமா?" என்றார். மனிதர் கௌரவமாக நாலைத் தேர்ந்தெடுத்து, மூன்றரையில் முடித்துக்கொண்டார். ஜனங்கள் கைதட்டியது பேச்சுக்கு அல்ல.

இப்படிப்பட்டவர் நாற்பத்து மூன்று வயதில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, மற்ற நாளெல்லாம் மெட்ரோவில் நின்றபடி படிப்பு. பக்கத்தில் நின்ற பெண்ணின் முதுகில் நோட்டை வைத்து எழுதியதாகவும் கேள்வி.

"இந்த வயசுல பரீட்சையா சிஸ்டர்?" என்று கேன்டீனில் யாரோ சிரித்தார்கள்.

"ஏன், இப்ப எழுதட்டா, அறுபதுல எழுதட்டா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நோயாளியைப் பாக்க டாக்டர் இருக்காவ அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கே உடம்பு சரியில்லையே, அதை யாரு பாக்குதது?" என்றார்.

நானும் தலையாட்டினேன். அந்த நோய் நான்தான் என்று அப்போது தெரியாது.

கடைசி வருடம் ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டும். ஒரு வாரம் டூட்டிக்கு முன்னால் வந்து, என் ஜன்னல் எதிரே நோட்டும் கையுமாக உட்கார்ந்தார். என் வேலை நேர்த்தியை ரசிக்கிறார் என்று நினைத்து, இன்னும் உற்சாகமாகக் கத்தினேன். கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாக "க்யா தக்லீஃப் ஹை?" என்பேன். என்ன தொந்தரவு? பதிலும் அதே சத்தத்தில் வந்தால்தான் சீட்டு. சங்க நாடகத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை எட்டிய குரல் எனக்கு.

வாரக் கடைசியில் நோட்டைக் காட்டினார். பக்கம் முழுக்க சின்னச் சின்னக் கோடுகள்.

"என்ன சிஸ்டர் இது?"

"நீங்க கேட்டதும் பதில் சொல்லாமத் திரும்பிப் போனவுக. பின்னால இத்தனை பேரு நிக்கும்போது, 'எனக்குச் சாகணும்போல இருக்கு'ன்னு எப்படி அண்ணாச்சி கத்துவாவ? துண்டுச் சீட்டுல எழுதி வாங்குங்க. எழுத வராதவுகளைப் பக்கத்து ரூம்ல உக்கார வச்சுக் கேளுங்க."

எனக்கு வந்ததே கோபம்! பதினேழு வருட சர்வீஸ். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அறிக்கையில் எங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் கையெழுத்து போட்டால்தான் பட்டம். அவர் படித்துவிட்டு, அந்த ஜன்னல் அத்தியாயத்தின் நாயகன் என்ற முறையில் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். "இதை எடுத்துவிடு, கையெழுத்து போடுகிறேன். எடுக்காவிட்டால் உன் படிப்பு கோவிந்தா" என்பதுதான் இந்தியில் அவர் சொன்னதன் சாரம்.

"எடுக்க மாட்டேன் சார்."

எவரையும் 'மாட்டேன்' சொல்ல விடாதவர், அன்று தானே சொன்னார். குரல்கூட உயரவில்லை. தொடர்ந்து அவருக்கும் இரண்டு வழி வைத்தார். இப்போதே கையெழுத்து. இல்லையென்றால், நாளைக் காலை அவர் அந்த வரிசையில் நின்று, ஜன்னலில் தன் தொந்தரவு ஒன்றை நிஜமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அறிக்கை முழுவதையும் சிஸ்டரே கிழித்துப் போட்டுவிடுவார்.

"இவ்வளவுதானா?" என்று அவர் சிரித்தார்.

வெளியே வந்ததும் என் கோபமெல்லாம் போய், அவர் பின்னாலேயே ஓடினேன். "சொல்லிட்டார்னா? ரெண்டு வருஷப் படிப்பு சிஸ்டர்!"

"சொன்னா நான் எழுதினது தப்பு. தப்பான அறிக்கைக்குப் பட்டம் எதுக்கு?"

மறுநாள் காலை, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அட்மினிஸ்ட்ரேட்டர் வரிசையில் நின்றார். குரலைக் கொஞ்சம் தணிக்கலாமா என்று தூணோரம் நின்ற சிஸ்டரைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கேட்டேன், கடைசி வரிசை வரைக்கும்: "க்யா தக்லீஃப் ஹை?"

அவர் வாயைத் திறந்தார். பின்னால் ஒரு பெரியவர் கேட்பதற்குத் தோதாகக் கழுத்தை நீட்டினார். "அரே பையா, ஜல்தி போலோ!" என்று சீக்கிரம் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தியது ஒரு குரல். அட்மினிஸ்ட்ரேட்டரின் காது சிவந்தது. வாயை மூடிக்கொண்டு, வரிசையை விட்டு விலகி நடந்துவிட்டார்.

சிஸ்டர் நோட்டில் இன்னொரு கோடு போட்டார். சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அட்மினிஸ்ட்ரேட்டர் அறைக்கு மாடி ஏறினார். "அபீ யா சாய் கே பாத்?"

"அபீ" என்றார் அவர். டீ வரைக்கும் காத்திருக்க முடியாமல் ஒருவர் 'இப்பவே' என்று சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான்.

சிஸ்டர் பட்டம் வாங்கி, பதிவுப் பகுதிக்கே பொறுப்பாளரானார். துண்டுச் சீட்டு வந்தது. நான் கத்துவதை நிறுத்தி, பிறகு ரிட்டயரும் ஆனேன்.

போன குளிர்காலத்தில் அதே ஜன்னலுக்குப் போனேன், வெளிப்பக்கமாக. யாரும் எதுவும் கேட்கவில்லை. சீட்டில் எழுதினேன்: 'மனைவி இறந்து நாலு மாதம். தூக்கம் இல்லை. குளிக்கச் சொல்ல ஆளில்லை.' கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் வெட்கமாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று செருப்பை மாட்டும்போது, சீட்டோடு எதிரே நின்றார் சிஸ்டர்.

"அண்ணாச்சி, டாக்டரை இப்பப் பாக்குதீயளா, டீக்கு அப்புறமா?"

"டீக்கு அப்புறம்" என்றேன். இரண்டு கிளாஸ் வாங்கி வந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போவது என்று ஒரு மூன்றாவது வழி இருந்தது. அதை அவர் எனக்குக் கொடுக்கவே இல்லை, நல்லவேளை.