வெர்னியரின் அடீனியம்

செடி வளர்ப்பவர்களில், மழை வந்தால் முகம் வாடிப்போகிற ஒரே மனிதர் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் மாடிவீட்டுக்காரர்தான். லேத் பட்டறை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் இரும்பின் தடிமன் அளக்கும் வெர்னியர் அளவுகோல் இருப்பதால் தெருவுக்கே அவர் வெர்னியர்.

மொட்டைமாடி முழுக்க அடீனியம் தொட்டிகள். அடித்தண்டு பானைபோல் உப்பி, உச்சியில் ரோஸ் நிறத்தில் பூக்கும் செடி. உப்பலுக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மேலும் மேலும் ஊற்றினால் அழுகிவிடும். ஞாயிறுதோறும் ஒவ்வொன்றின் தொப்பையையும் வெர்னியர் வைத்து அளப்பார். தூறல் விழுந்தால் குடை செடிக்கு, அவர் நனைவார். விதை போட்டுப் பதினான்கு வருடம் வளர்த்த ஒன்றுக்குப் 'பெரியவன்' என்று பெயர்.

மனைவியோடு வெள்ளகோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது பத்து நாள் பொறுப்பைக் கீழ்வீட்டிலிருக்கும் என்னிடம் விட்டார்.

"தண்ணி கிண்ணி ஊத்திப்போடாதீங்க. தெனம் ஏறிப் பாத்துட்டு எறங்குங்க, போதும்ங்க."

பார்த்தேன். சித்திரை வெயில். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் சொம்புத் தண்ணீர் நீட்டியே பழகிய கை சும்மா இருக்குமா? பெரியவனுக்கு மட்டும் தினம் ஒரு சொம்பு ஊற்றினேன்.

திரும்பி வந்தவர் கட்டைவிரலால் அழுத்தினார். கொழகொழவென்று உள்ளே போனது.

"ஊத்துனீங்களா?"

"பாக்கப் பாவமா இருந்துச்சுங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கத்தியை எடுத்து, லேத்தில் இரும்பைக் கடைவதுபோல் சுற்றிச் சுற்றிச் சீவினார். அழுகல் போய் வெள்ளைச் சதை தெரிந்தபோது தொப்பையில் பாதி இல்லை. ஒருமுறை அளந்துவிட்டு, எண்ணைச் சொல்லாமலே வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெட்டிய இடம் நிழலில், காற்றாட உலர வேண்டுமாம். கூடத்து ஃபேனைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் பெரியவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

அவர் மனைவி விசிறியோடு கீழே வந்தார். "செடிக்குக் காத்து வேணும்னு ஃபேனக் கழட்டுன மனுசன் இவருதானுங்க."

எங்கள் டேபிள் ஃபேனைக் கொடுத்தேன். அதையும் அந்த மனுசன் செடிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

இருபது நாள் கழித்துத் தொட்டியில் நட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் நான் வேண்டாத சாமியில்லை. ஒரு காலை, மாடியிலிருந்து குரல் வந்தது: "ஏனுங்க, வந்து பாருங்க." பெரியவன் உச்சியில் புதிதாக இரண்டு இலை.

அடுத்த முறை பத்து நாள் ஊருக்குப் போகும்போதும் என்னிடமே வந்தார்.

"வேற ஆரும் கெடைக்கலீங்களா?"

"இருக்காங்க. ஊத்துனா என்னாகும்னு அவங்களுக்குத் தெரியாதுங்களே. உங்களுக்குத் தெரியும்."

அந்தப் பத்து நாளும் செடிகள் சுகமாகத்தான் இருந்தன. அவர் இல்லாத மாடிதான் எனக்குப் பிடிக்கவில்லை.